பூசையில் வைத்த கேசட்

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பின் கடைசி வரிசையில் வேலுமணியின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் காலடியைப் பார்த்து வைக்க வேண்டும். தரையெல்லாம் புத்தகம். அதைத் தாண்டினால் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பரண் தாங்காது என்று இசைத்தட்டுப் பெட்டிகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். உட்கார நாற்காலி உண்டு. ஆனால் அதில் பழைய வார இதழ்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றை எங்கே மாற்றுவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வந்தவர் நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சினிமாக் கொட்டகைக்குக்கூடப் போவதில்லை. பிடித்த பேய் இது ஒன்றுதான். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட மாட்டு வைத்தியப் புத்தகம், மைக் செட்காரர் தேய்ந்துபோனதென்று ஒதுக்கிய நாடகத் தட்டுகள், கோயில் சொற்பொழிவுகளை அவரே போய்ப் பதிந்துகொண்டு வந்த கேசட்டுகள் என்று எதையும் விடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதையெல்லாம் தூசி தட்டி வருகிறவள் அவர் மனைவி சௌந்திரம். "ஏனுங்க, இத்தனையில ஒண்ணாச்சும் ரசம் வெக்கறதுக்கு ஆகுமுங்களா?" என்று எப்போதாவது கேட்பாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு, மனுசனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

சேர்ப்பது சுலபம், தேடுவதுதான் பாடு. எந்தப் புத்தகம் எந்தப் பெட்டியில், எந்தத் தட்டு யார் இரவல் வாங்கிப் போனது என்று அவருக்கே தெரியாது. இருக்கிற புத்தகத்தையே மறுபடி வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். இந்த நிலைமையில்தான் கைலாசம் வந்து சேர்ந்தார்.

கைலாசம் இளம்பிள்ளை ஆள். தறிக்காரக் குடும்பம், சேலை வியாபாரம். வெளியூருக்குப் பார்சல் போட ஜங்ஷனுக்கு வந்து வந்து வேலுமணிக்குச் சிநேகிதமானவர். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் அதில் பந்து விளையாடி அலுத்துப் போனதும் அது அலமாரிக்குப் போய்விட்டது.

"எங்க ஊட்டுல அது சும்மா கெடக்குதுங்க," என்றார் கைலாசம். "கூடவே ஒரு கேசட்டு குடுத்திருக்கறாங்க. ஊட்டுல இருக்கற புஸ்தகம், பாட்டுத் தட்டு எல்லாத்தையும் அதுல ஏத்தி வெச்சுக்கலாமாம். பேரைத் தட்டுனா எங்க இருக்குதுன்னு அதுவே சொல்லுமாம். எனக்கு இருக்கறது ஒரு பஞ்சாங்கம். அதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?"

எண்பத்தேழாம் வருசம் ஆடி மாதம் அது வேலுமணியின் வீட்டுக்கு வந்தது. சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ரப்பர் பொத்தான்கள். ஒரு ஒயரை டி.வி.யில் சொருக வேண்டும், இன்னொரு ஒயரை டேப் ரெக்கார்டரில் சொருக வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், அந்தக் கம்ப்யூட்டருக்கென்று சொந்தமாக ஞாபகம் எதுவும் கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் எத்தனை ஏற்றினாலும் எழுந்திருக்கும் முன்னால் அதைச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைத்துவிட வேண்டும். மறுநாள் அதே கேசட்டை ஓடவிட்டால் நேற்றுச் சொன்னதெல்லாம் திரும்ப வரும். பதிவதற்குப் பால் காய்ந்து இறக்கும் நேரம் ஆகும். அப்படிப் பதிந்த கேசட்டைத் தவறிப்போய்ப் பாட்டு மாதிரிக் கேட்டால் கீ என்று தொடங்கித் தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் முடிவில்லாமல் கத்தும். தெருவில் அந்தச் சத்தம் தெரியாதவர்கள் இல்லை.

தமிழ் அதற்குத் தெரியாது. மாட்டு வைத்தியத்தை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒருநாள் ஒரு மாதிரி அடிப்பார், மறுநாள் வேறு மாதிரி அடித்துத் தேடுவார், அது இல்லை என்று சொல்லும். கோபம் வரும். ஆனால் யாரிடம் காட்டுவது? ஆவணி முழுக்க அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சாயந்திரமானால் வோல்டேஜ் இறங்கும், டி.வி.யில் படம் நாலாபக்கமும் சுருங்கி நடுவில் ஒண்டிக்கொள்ளும். விளக்கு ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினால் போதும், அத்தனை நேரம் அடித்ததும் காணாமல் போகும். வேலுமணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபடி முதலிலிருந்து அடிப்பார்.

ஒவ்வொன்றுக்கும் அது ஐந்து கேள்வி கேட்கும். எண் என்ன, பெயர் என்ன, புத்தகமா தட்டா கேசட்டா, இருக்கும் இடம் எது, நிலை என்ன. நிலைக்கு மூன்று பதில்தான் உண்டு. ஒன்று தட்டினால் 'இன் ஹவுஸ்'. இரண்டு தட்டினால் இரவல் போயிருக்கிறது. மூன்று தட்டினால் 'லாஸ்ட்', அதாவது தொலைந்தது. மூன்றைத் தட்டும்போதெல்லாம் இரவல் வாங்கித் தொலைத்தவர்களை நினைத்து அவருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அந்த வீட்டில் அவருடைய சேகரிப்பில் சேராத கேசட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சௌந்திரத்தின் தகரப் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தது.

சௌந்திரத்துக்குப் பிறந்த ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பி சின்னுசாமியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடம் அவனுக்கு ஒட்டவில்லை. வெற்றிலைக் கொடிக்காலும் ஒட்டவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறி, போர்வெல் போட மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டான். எழுதத் தெரியாதவனிடமிருந்து கடிதம் எப்படி வரும்? ஒரு தடவை ஊர் திரும்பிய லாரியில் ஒரு கேசட் வந்தது. பழைய சினிமாப் பாட்டுக் கேசட். அதன் தொடக்கத்தில், பாட்டின் மேலேயே, அவன் பேசிப் பதிந்திருந்தான். ஒரு பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருப்பான், அவ்வளவுதான். அவன் முடித்ததும் பாதிப் பாட்டு திடீரென்று கிளம்பும்.

அடுத்த பங்குனியில் ரிக்கின் கம்பம் மின்சாரக் கம்பியில் பட்டுவிட்டது. அவனைக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் நாளாகிவிட்டதால் முகத்தைத் திறந்து காட்டவில்லை. அக்காவின் கல்யாண போட்டோவிலும் அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். மிச்சம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

ஆரம்பத்தில் அவள் அதைத் தினமும் போட்டுக் கேட்டாள். வேலுமணிதான் கேசட் விசயம் தெரிந்தவர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா?

"தெனமும் ஓட்டுனா நாடா தேஞ்சு போயிரும் சௌந்திரம். அப்பறம் கேக்க ஒண்ணும் இருக்காது."

அதிலிருந்து நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் எடுப்பதென்று வைத்துக்கொண்டாள். தீபாவளி, பொங்கல், அவன் போன நாள். மற்ற நாளில் கை நீண்டாலும் மடக்கிக்கொள்வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்கிற பாட்டுக் கேசட்டுகளின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். ஓட்டை இருந்தால் அதன் மேல் எதையும் பதிய முடியாது. பதிந்தே ஆக வேண்டுமென்றால் அதில் காகிதத்தைத் திணித்து அடைப்பார்கள். சின்னுசாமியும் அப்படித்தான் அடைத்திருந்தான். அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தால் அவன் குரல் பத்திரம். கேசட் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் இந்த ஓட்டையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் வேலுமணி. அட்டவணைக் கேசட் தவிர, தன்னுடைய ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் திருப்புளியால் ஓட்டை போட்டுப் பாதுகாப்புச் செய்து வைத்தவர். மனைவியின் கேசட்டின் முதுகை மட்டும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை. அது அவருடைய சேகரிப்பில் இல்லை, அதனால் அவர் கண்ணிலும் இல்லை.

ஆயுத பூசை வந்தது. மற்ற வீடுகளில் அரிவாள்மணையும் சைக்கிளும் துடைத்தால் முடிந்தது. சௌந்திரத்துக்கு மூன்று நாள் வேலை. புத்தகங்களை அடுக்கி, தட்டுகளைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கும் நெற்றி என்று ஒன்றைக் கண்டுபிடித்துப் பொட்டு வைத்தாள். அட்டவணை பதிந்திருக்கும் கேசட்டை சாமிக்கு முன்னால் தாம்பாளத்தில் வைக்கச் சொன்னார் வேலுமணி. வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, தம்பியின் கேசட்டையும் எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டின் மேலுறைகளையும் கழுவி முறத்தில் காயப்போட்டிருந்தாள். இரண்டும் கறுப்பு. இரண்டின் நெற்றியிலும் பெயர் ஒட்டிய காகிதம் மறையும்படி பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மனசார வைத்த பொட்டு, கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூசையில் வைத்ததை எடுத்து ஒரு எழுத்தாவது எழுத வேண்டும், ஒரு வரியாவது படிக்க வேண்டும். வேலுமணி குளித்து, வேட்டி கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தாம்பாளத்திலிருந்து அட்டவணைக் கேசட்டை எடுத்து ஓடவிட்டார். எல்லாம் ஒழுங்காக வந்தது. கேசட்டை வெளியே எடுத்துப் பக்கத்தில் தரையில் வைக்கப் போனார்.

"அய்யோ, கீழ வெக்காதீங்க. இன்னும் சூடம் காட்டலீங்க," என்றாள் சௌந்திரம். சூடம் காட்டி எடுக்கும்வரை பூசைப் பொருள் தரையில் படக் கூடாது. அவர் அதைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தார்.

"நல்ல நாளு. புதுசா ஒண்ணு ஏத்தோணும்," என்றார். "எதை ஏத்தறது?"

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, என்ற தம்பியோட கேசட்டையும் அதுல ஏத்துவீங்களா? உங்க பொஸ்தகமெல்லாம் இருக்குதுல்ல. அவனும் இருந்துட்டுப் போறான்."

வேலுமணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாளாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. தம்பியின் கேசட்டைத் தாம்பாளத்திலிருந்து எடுத்தார், கையில் வைத்துப் பார்த்தார், மரியாதையாகத் திரும்ப வைத்தார். எண் கொடுத்தார். பெயர், சின்னுசாமி குரல். வகை, கேசட். இடம், சௌந்திரம் பெட்டி. நிலைக்கு ஒன்றைத் தட்டினார். இன் ஹவுஸ் என்று திரையில் வந்தது.

"என்னன்னு போட்டிருக்குதுங்க?"

"ஊட்டுல இருக்குதுன்னு."

அவள் முகம் நிறைந்துபோனது. அந்த நேரம் பார்த்து டி.வி.யில் படம் சுருங்கத் தொடங்கியது. வோல்டேஜ் இறங்குகிறது. நல்ல நாளில் ஏற்றியது போய்விடக் கூடாதே என்று வேலுமணி பதறினார். தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டி, சந்தனம் பூசிய கேசட்டை எடுத்து ரெக்கார்டரில் போட்டு, ஆரம்பத்துக்குச் சுற்றி, பதியும் பொத்தானை அமுக்கினார். பதிந்து முடிந்ததும் விளக்கு போயிற்று. தப்பித்தோம் என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள். சௌந்திரம் சூடம் காட்டினாள்.

பொட்டைத் துடைத்து, மேலுறையில் போட்டு, அவரவர் கேசட்டை அவரவர் இடத்தில் வைத்தார்கள். அந்த வாரம் ஆபீசில் வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவர் மறுபடி உட்கார்ந்தார். அட்டவணைக் கேசட்டை ஏற்றி, ஆசையாகச் சின்னுசாமி பெயரை அடித்தார்.

அப்படி ஒன்று இல்லை என்றது.

எழுத்தை மாற்றி அடித்தார். இல்லை என்றது. எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணே இல்லை என்றது. கம்ப்யூட்டரைத் திட்டினார், கைலாசத்தைத் திட்டினார், மின்சார வாரியத்தைத் திட்டினார். திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்குப் பதிந்தது இந்தக் கேசட்டில் இல்லை. ஆனால் பதிந்தது நிச்சயம். அப்படியானால் எதில் பதிந்தார்?

சௌந்திரம் ரேசன் கடைக்குப் போயிருந்தாள். தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கையை விட்டு, அதை எடுத்தார். முதுகில் அந்தக் காகித உருண்டை அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. ரெக்கார்டரில் போட்டார். கீ என்று கத்தியது. முன்னால் ஓட்டினார், கத்தியது. பின்னால் ஓட்டினார், கத்தியது. கடைசியில் சத்தம் நின்று, பாதிப் பாட்டு கிளம்பியது. அதற்கு முன்னால் ஒரு மூச்சு, ஒரு இருமல், ஒன்றுமே மிச்சமில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கேசட்டைப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறினார். கைலாசம் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். பிறகு டவுனில் தனக்குத் தெரிந்த டேப் ரிப்பேர்க்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"மேல பதிஞ்சா அடியில இருக்காதுங்க. சுண்ணாம்பு அடிச்சாப்பல இல்லீங்க இது, சொரண்டி எடுக்கறதுக்கு. பழசை அழிச்சுட்டுத்தானுங்க புதுசை எழுதும்."

"வெளிநாட்டுல ஏதாச்சும் மிசின்..."

"எந்த நாட்டுலயும் ஆகாதுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கைலாசம் சொன்னார், "அக்காகிட்ட இன்னைக்கே சொல்லிப்போடுங்க. நாள் ஆக ஆக வாய் வராது."

வேலுமணி தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து, அவள் அடுப்படியில் இருந்தபோது கேசட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தார். சௌந்திரம் சோறு போட்டாள். "தீவாளிக்கு இன்னும் ரெண்டு வாரந்தானுங்க," என்றாள், "என்ற தம்பி கொரலைக் கேட்டு எத்தனை மாசமாச்சு." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வருகிறது. பேச்சையாவது மீட்டுவிடலாம் என்று நினைத்தார். சின்னுசாமி என்ன பேசினான் என்று தனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பார். அக்கா என்று தொடங்குவான். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல் இருக்கும். எங்கோ ஒரு ஊரில் தண்ணீர் பீறிட்டதும் சனங்கள் ரிக்குக்கு மாலை போட்டதைச் சொல்லிச் சிரிப்பான். அப்புறம்? கடலைக்காய் பற்றி ஏதோ வரும். யாரையோ அதட்டுவான். சேலை எடுத்துத் தருகிறேன் என்றானா, எடுத்துவிட்டேன் என்றானா? மாமாவைக் கேட்டதாகச் சொல் என்றானா? தேய்ந்துபோன ஒரு நாடகத் தட்டின் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுசனுக்கு, மச்சினன் பேசிய பத்து வாக்கியம் வரவில்லை. எல்லா நேரமும் அவர் வேறு ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டுதான் அதைக் கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார் என்று சொல்வதே தப்பு.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயெடுத்தார். அவள் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், பிறகு சொல்லலாம் என்று இருந்தார். அவள் சந்தோசமாக இருந்தாள், கெடுப்பானேன் என்று இருந்தார். அவளுக்குத் தலைவலி, இன்றைக்கு வேண்டாம் என்று இருந்தார். கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தார். "ஏனுங்க, அலுத்துப் போச்சுங்களா?" என்று அவள் கேட்டாள். "ஆமா" என்றார்.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு, சௌந்திரம் தகரப் பெட்டியைத் திறந்தாள். வெளியே தெருப்பிள்ளைகள் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு வந்து, ரெக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சௌந்திரம்," என்றார் வேலுமணி. "அதுல இல்ல."

"எதுல என்னங்க இல்ல?" என்றபடியே அவள் பொத்தானை அமுக்கினாள்.

கத்தியது.

அவள் அவசரமாக நிறுத்தினாள். "ரெக்கார்டரு கெட்டுப் போச்சுங்களாட்டம் இருக்குது." அலமாரியிலிருந்து ஒரு பாட்டுக் கேசட்டை எடுத்துப் போட்டாள். பாடியது. மறுபடி தம்பியுடையதைப் போட்டாள். கத்தியது. இந்தத் தடவை நிறுத்தவில்லை. அவளுக்குத் தெரியாத சத்தமா அது? துண்டு போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கத்தலை அவள் கடைசிவரைக்கும் கேட்டாள். சத்தம் நின்று பாதிப் பாட்டு கிளம்பியது.

"பாட்டு வந்துருச்சுங்க," என்றாள். "இது அவன் பேசி முடிச்சப்பறந்தானுங்க வரும்."

வேலுமணி எல்லாவற்றையும் சொன்னார். தாம்பாளம், சந்தனம், வோல்டேஜ், இளம்பிள்ளை போனது, இத்தனை நாள் வாய் வராமல் இருந்தது, எதையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அழுகை வந்தது. அவள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

"அப்ப அதுல இப்ப என்னங்க இருக்குது?"

"அட்டவணை. அன்னைக்கு ஏத்துனது."

"போடுங்க பாக்கலாம்."

அவர் துண்டை எடுத்தார், ஒயர்களைச் சொருகினார். மச்சினனுடைய கேசட் ஓடியது, திரையில் அட்டவணை வந்தது. பெயரை அடித்தார். முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கிட்ட வந்து நின்றுகொண்டு அவள் கேட்டாள், "என்னன்னு போட்டிருக்குதுங்க?"

"சின்னுசாமி குரல். சௌந்திரம் பெட்டி."

"அப்பறம்?"

வேலுமணி திரையைப் பார்த்தார். படித்துத்தான் ஆக வேண்டும். "ஊட்டுல இருக்குது."

அவள் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. "தேஞ்சு போயிருமுன்னு சொன்னீங்க," என்றாள். "அதனாலதானுங்க நான் கேக்காமயே வெச்சிருந்தேன்."

அவள் சொன்ன குறை அவ்வளவுதான். திட்டியிருந்தால், ரெக்கார்டரைத் தூக்கி வெளியே எறிந்திருந்தால், வேலுமணி பிழைத்திருப்பார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லாததை இருக்குதுன்னு எதுக்குங்க போட்டுக்கிட்டு. மாத்துங்க."

"வேண்டாம் சௌந்திரம்."

"மாத்துங்க. அது பொய்யி."

அவர் மூன்றைத் தட்டினார். இரவல் வாங்கித் தொலைத்தவர்களுக்கு எல்லாம் வந்த அதே வார்த்தை வந்தது. லாஸ்ட். பதிந்து வைக்கட்டுமா என்று திரை கேட்டது. அவர் எழுந்து, காலிக் கேசட் ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியில் துழாவினார். ஆயிரம் சாமான் இருந்த அந்த வீட்டில் ஒரு காலிக் கேசட் கையில் அகப்படவில்லை. பழைய அட்டவணைக் கேசட் மேலேயேதான் இருந்தது. அன்றைக்கு எடுத்திருக்க வேண்டிய அதைத் தொட இன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை.

சௌந்திரம் தம்பியின் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"இதுலயே போடுங்க. இனி இதுல கெட்டுப் போறதுக்கு என்ன இருக்குது?"

வேலுமணி பதியும் பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் சன்னமாகக் கேட்டது. வெளியே சரவெடி ஒன்று வெடித்து ஓய்ந்தது. சத்தம் நிற்கிறவரை அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

நின்றதும் அவளே கேசட்டை வெளியே எடுத்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஓட்டைகளில் அடைத்திருந்த காகிதத்தைக் கிளறி எடுத்துக் கீழே போட்டாள். பிறகு கேசட்டை முந்தானையில் துடைத்து, தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்து மூடிவிட்டு, அவருக்கு இலை போடப் போனாள்.